மந்தைவெளியில் ஒரு செம்மறி மந்தை

சென்ற மாதம் மந்தைவெளியில் அக்கா மகள் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் மூன்றாம் மாடி. பிறந்து 45 நாளான பெண் குழந்தை, கூடத்தில் தன் பாட்டியின் மடியில், உலகத்தின் மீது எந்தப் புகாரும் இன்றி உறங்கிக்கொண்டிருந்தது. "மாமா, பாப்பா ரூமை நீங்க இன்னும் பாக்கலியே" என்று அக்கா மகள் உள்ளே அழைத்துப் போனாள்.

ஒரு சுவர் முழுவதும் பசும்புல் மேடுகள். அவற்றின் மேல் பஞ்சு மூட்டைகளைப் போல வெள்ளை வெளேரென்று செம்மறிகள். மரவேலி, புகைபோக்கி வைத்த ஒரு பண்ணை வீடு, நீலச் சட்டை அணிந்த முயல். மற்ற மூன்று சுவர்களும் சாம்பல் கலந்த இளம்பச்சை. வெள்ளைக் கட்டில், அதன் விளிம்பைச் சுற்றி மெத்தென்ற திண்டுகள், உள்ளே ஒரு செம்மறிப் பொம்மை, கூரையிலிருந்து தொங்கும் துணி மேகங்கள், மூலையில் பிரம்புக் கூடை. இதற்குக் 'கன்ட்ரிசைடு தீம்' என்று பெயராம். பின்டரஸ்டிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பொருளாகத் தேடிச் சேர்த்ததில் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. குழந்தை அந்த அறையில் எத்தனை நாள் தூங்கியிருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பகல் என்றாள். அதுவும் படம் எடுப்பதற்காக.

அழகாக இருக்கிறது என்று சொன்னேன். பொய்யில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஆடுகள் என்னை மேய்ந்துகொண்டே வந்தன.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இறங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை அறிவேன். என் போன்ற தமிழாசிரியர்களின் பொது வியாதி அது. ஆனால் மந்தைவெளிக்கு ஆராய்ச்சி தேவையில்லை. மந்தை நின்ற வெளி. மயிலாப்பூரின் கால்நடைகள் மேய்ந்து திரிந்த நிலத்தின் மேல் இன்று ஒரு பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எண்ணற்ற அடுக்ககங்களும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் மூன்றாம் மாடியில், காகிதத்தில் அச்சடித்த மந்தை ஒன்று இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சுவர்க்காகிதத்தை வாங்கியது தி. நகரில். தி. நகரோ, நுங்கம்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் இடையே நீண்டு கிடந்த பேரேரியை 1920களில் வற்றடித்து எழுப்பிய குடியிருப்பு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் வீடுகள்தாம் தெரியும். ஆக, ஏரியின் வயிற்றில் வாங்கிய கிராமத்தை மேய்ச்சல் நிலத்தின் தலைக்கு மேல் ஒட்டியிருக்கிறோம்.

ஆடுகளைப் பற்றியும் ஒரு சொல். சென்னையைச் சுற்றியும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் வளரும் நம் செம்மறி இனத்துக்குக் கால்நடைத் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'மெட்ராஸ் சிவப்பு'. செம்பழுப்பு உடல். கம்பளி கிடையாது, குட்டையான மயிர்தான். நம் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு எந்த ஆடு பிழைக்கும்? 'செம்மறி' என்ற சொல்லிலேயே நிறம் இருக்கிறது. சிவந்த மறி. வெள்ளைச் செம்மறி என்று எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்கியதன் காரணம் இதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து, வண்டலூருக்கு அப்பால் சாலையைக் கடக்கும் ஓர் உண்மையான செம்மறி மந்தையைக் கார் சன்னல் வழியே பார்த்தால், அதை ஆடு என்றே ஏற்காமல் போகக்கூடும்.

நிற்க. அந்த நீலச் சட்டை முயலுக்கும் ஒரு கதை உண்டு. பீட்டர் ராபிட் என்ற அந்த முயலை உருவாக்கியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். நூல் 1902-இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் குழந்தை அறைகளில் 'நாட்டுப்புறம்' என்று விற்கப்படும் சித்திரத்தின் தாய்களில் அவரும் ஒருவர் எனலாம். அவர் நாட்டுப்புறத்தில் பிறந்தவரல்லர். 1866-இல் லண்டனில், வசதியான குடும்பத்தில் பிறந்து, வீட்டின் மேல்மாடியில் இருந்த குழந்தை அறையில் செவிலியராலும் ஆசிரியைகளாலும் வளர்க்கப்பட்டவர். பள்ளிக்கும் போகவில்லை. பெற்றோரோடு கழித்த பொழுது குறைவு. துணைக்குத் தம்பியும் சில வளர்ப்புப் பிராணிகளும். கோடை விடுமுறையில் பார்த்த வயல்வெளியைத்தான் அவர் ஆண்டு முழுதும் வரைந்துகொண்டிருந்தார். நாம் நகல் எடுக்கும் அந்தப் பசுமை, தனி அறையில் வளர்ந்த ஒரு நகரத்துக் குழந்தையின் ஏக்கம்.

அவர் அந்த ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பது வேறு விஷயம். புத்தக வருமானத்தில் 1905-இல் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கினார். பிற்காலத்தில் அந்தப் பகுதிக்கே உரிய ஹெர்ட்விக் என்ற செம்மறி இனத்தை வளர்ப்பதில் பெயர் பெற்றார். அந்த இனத்தின் குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகும். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். அவருக்குத் தன் ஊர் ஆட்டின் பெயரும் நிறமும் தெரிந்திருந்தன. நமக்கு அவருடைய முயலை மட்டும் தெரிகிறது.

'நர்சரி' என்றால் தமிழ்நாட்டில் இன்றும் செடி வாங்கும் இடம், அல்லது எல்.கே.ஜி. வகுப்பு. குழந்தையின் படுக்கையறை என்ற பொருள் நமக்குப் புதிது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நர்ஸ் என்பதிலிருந்து வந்தது. அதாவது செவிலி இருக்கும் அறை. இதை யோசித்தபோது, வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிகாட்டி அனுப்பும் பாட்டு. வழியில் வரும் ஊர்களெல்லாம் தொண்டை நாட்டு ஊர்கள். நம் சென்னை அமர்ந்திருக்கும் அதே நாடு. அதில் உழவர் வீடு ஒன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். முளையில் தாம்புக் கயிற்றால் கன்றுகள் கட்டியிருக்கின்றன. ஏணிக்கும் எட்டாத உயரத்தில் பழைய தானியம் நிறைந்த குதிர்கள். தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த சிறுதேர் ஒன்று. ஏறிச் செல்ல முடியாத அந்தத் தேரைத் தளர்நடையில் உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளை, செவிலித் தாயைத் தழுவிப் பாலருந்திப் படுக்கையில் உறங்குகிறது.

'கன்ட்ரிசைடு நர்சரி'யின் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு: கால்நடை, களஞ்சியம், மரபொம்மை, படுக்கை. ஆனால் எதுவும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. கன்று நாளைய உழவுக்கு. குதிர் அடுத்த ஆண்டுக்கு. தேர் ஒரு தச்சரின் கைவேலை. அனைத்துக்கும் மேலாக, செவிலி இருக்கிறாள். என் பேத்தி முறைக் குழந்தையின் அறையில் இருந்த ஒரே குறை இதுதான் என்று தோன்றியது. (பேத்தி என்று எழுதுகிறேனே ஒழிய, தாத்தா முறை ஏறிய வயது எனக்கு இன்னும் பழகவில்லை.) செவிலியறை இருக்கிறது. செவிலிக்கு அதில் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை.

இன்னொரு சான்று பெரியாழ்வார். கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டும் அவர் பாசுரங்கள், ஒரு வகையில், குழந்தை அறைக்கான பொருட்பட்டியல். பொன்னால் செய்து மாணிக்கமும் வயிரமும் பதித்த சிறு தொட்டில், அரையணி, கிண்கிணி, ஐம்படைத்தாலி, முத்தாரம், சங்கு வளை, துழாய்க் கண்ணி என்று நீளும். எந்தக் கடையின் பட்டியலும் இதற்கு ஈடாகாது. ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் பெயர் இருக்கிறது. தொட்டிலைப் பிரமன் விடுத்தான், அரையணியை ஈசன், கிண்கிணியை இந்திரன், ஐம்படையைக் குபேரன், முத்தையும் பவளத்தையும் வருணன், துழாய்க் கண்ணியைத் திருமகள். பொருளைப் பாடிவிட்டு அனுப்பியவரைச் சொல்லாமல் ஒரு பாசுரமும் முடிவதில்லை. நாட்டுப்புறத் தாலாட்டிலும் இதே முறைதான். அங்கே பிரமனுக்குப் பதில் தாய்மாமன், திருமகளுக்குப் பதில் அத்தை. அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தார்கள் என்று வரிசையாகக் கேட்பதுபோல, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்றும் வரிசையாகச் சொல்வார்கள். பிள்ளைக்கு இது உறவுமுறைப் பாடம். தன்னைச் சுற்றியுள்ள பொருள்களின் வழியே தன்னைச் சுற்றியுள்ள மனிதர்களை அது அறிந்துகொள்கிறது.

தீம் என்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே எல்லாப் பொருளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கொடுத்தவரோடு பொருந்த வேண்டியதில்லை. எனக்கே அனுபவம். குழந்தை பிறக்குமுன் தொட்டில் வாங்கலாகாது என்று அக்கா தடுத்துவிட்டதால் காத்திருந்து, பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய மரத்தொட்டில் விசாரித்து வைத்திருந்தேன். படம் அனுப்பினேன். "சூப்பரா இருக்கு மாமா, ஆனா ரூமுக்கு மேட்ச் ஆகாது, டார்க் வுட்" என்று பதில் வந்தது. அக்கா தன் பங்குக்கு, பிரசவத்துக்குப் பிறகு உடுத்தி உடுத்தி மென்மையான தன் நூல் புடவை ஒன்றைத் தூளி கட்டுவதற்காக 28 ஆண்டுகளாக வைத்திருந்தாள். அதில் கிடந்து வளர்ந்தவள்தான் இந்தப் பெண். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை. அதுவும் அந்த இளம்பச்சைக்குப் பொருந்தவில்லை.

மரத்தொட்டிலை நிராகரித்ததில் வருத்தம் உண்டா என்றால், உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை வருத்தத்தில் எழுதியதல்ல. என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளையும் நானே அழைத்துவிடுகிறேன்.

முதலாவது, 'நம்ம ஊர்க் கிராமம்' என்ற மாற்று. அடையாற்றில் ஒரு நண்பர் தன் பேரனுக்கு அப்படி ஓர் அறை செய்திருக்கிறார். சுவரில் முறம், மூலையில் அரிக்கேன் விளக்கு, மாட்டுவண்டிச் சக்கரம், பத்தமடைப் பாய். பாயை மட்டும் மனதாரப் பாராட்டினேன். அதில் குழந்தை படுக்கிறது. மற்றவை யாவும் மந்தைவெளிச் செம்மறிகளின் சகோதரர்கள்தாம். புடைக்காத முறமும் ஓடாத சக்கரமும் பஞ்சு ஆடும் ஒரே இனம். தமிழில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

இரண்டாவது, தூளி. அதைப் பற்றி உருகி எழுதுவது எனக்கு எளிது. ஏணை என்றும் சொல்வார்கள். ஒரு புடவை, ஒரு கொக்கி, துணியை விரித்துப் பிடிக்க ஒரு கட்டை, அவ்வளவே. மயிலாப்பூரின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்திரத்தில் இதற்கென்றே வளையம் இருக்கும். கான்கிரீட் வந்தபின் மின்விசிறிக் கொக்கிதான் மிச்சம். ஆனால் குழந்தைநல மருத்துவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். சமதளமான, உறுதியான படுக்கையில், மல்லாந்த நிலையில் கிடத்துவதே பச்சிளங்குழந்தைக்குப் பாதுகாப்பு. துணித் தூளியில் கழுத்து மடங்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் அதில் சிக்கி உயிரிழந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். அக்காவின் புடவைக்காக இதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே மருத்துவம் செம்மறி அறைக்கும் சாதகமாக இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2022-இல் புதுப்பித்த பரிந்துரை, குறைந்தது முதல் 6 மாதங்களுக்குக் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்கிறது. படுக்கைக்குள் தலையணை, பொம்மை, திண்டு எதுவும் கூடாது. கட்டிலைச் சுற்றிக் கட்டும் அந்த மெத்தைத் திண்டுகளின் விற்பனையை அமெரிக்கா அதே ஆண்டு சட்டம் போட்டே தடுத்தது. நான் இதைச் சொன்னதும் அக்கா மகள் மறுபேச்சில்லாமல் திண்டுகளை அவிழ்த்துவிட்டாள். அலங்காரத்தை விடக் குழந்தை முக்கியம் என்பதில் அவளுக்கு ஒரு கணமும் ஐயமில்லை. அதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது சாட்சிதான் கனமானது. கிராமத்தின் கதகதப்பு என்று எழுதும் எவரும் தொட்டில் என்ற சொல்லின் இன்னொரு வரலாற்றைத் தாண்டிப் போகக்கூடாது. 1992-இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி ஆகிய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. தாய்மாமன் சீரும் தாலாட்டும் செழித்த அதே ஊர்களில்தான் இதுவும் நடந்தது. கள்ளிப்பாலும் நெல்மணியும் அந்த நாட்டுப்புறத்தின் பொருட்கள்தாம். எந்தச் சுவர்க்காகிதத்திலும் அவை வரா. மந்தைவெளியில் பெண் பிறந்ததற்காக ஓர் அறையையே ஓவியமாக்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது, என் கேலியின் பாதி அடங்கிவிட்டது.

மீதிப் பாதி அடங்காததற்குக் காரணம், அந்த அறை எதற்கு ஈடாகச் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரிவதுதான். 2017-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அது முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அக்காவால் தன் வீட்டை விட்டு அதுவரைகூட இங்கே தங்க முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை மாமா. மனிதர்களை இழுத்து வைக்க முடியாது. பொருட்களை வாங்கி வைக்கலாம். 'வீட்ல யாரும் இல்லாதப்ப அது பாக்கறதுக்கு ஏதாவது இருக்கணும் இல்லையா மாமா' என்று அவள் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவுதான் தெளிவாகத் தெரியும் என்பார்கள். பால் கொடுப்பவளின் மார்புக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரம். சுவர் வரை அதன் பார்வை வந்து சேர இன்னும் நாளாகும். இந்த உடலியல் உண்மையை அந்த நேரத்தில் சொல்வது அறிவாளித்தனமாக இருந்திருக்குமே ஒழிய அன்பாக இருந்திருக்காது.

செவிலி இல்லை என்றேன். அது முழு உண்மையல்ல. பகலில் ஓர் அம்மாள் வருகிறார். அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். முன்பு நடந்து வந்த வேலைக்கு இப்போது பேருந்தில் வருகிறார். ஏழாம் மாடியில், மின்விசிறிக் கொக்கியில் கட்டிய தூளியில், பேரனை மருமகளிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். செம்மறிச் சுவரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இந்த ஆட்டுக்கு முகம் ஏன் சார் கறுப்பா இருக்குது?" எனக்குத் தெரியவில்லை. குழந்தை சிணுங்கியபோது அவர் அறைக்குள் போகவில்லை. கூடத்திலேயே கால் நீட்டி அமர்ந்து, கால்களின் மேல் அதைக் கிடத்தி ஆட்டியபடி ஏதோ ஒரு பாட்டை முனகினார். அதில் ஒரு மாமன் வந்தான், கையில் எதையோ கொண்டு வந்தான். என்ன என்று காதில் விழவில்லை.

அறையைக் கலைக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவில் ஈயம் குறித்த அறிவிப்பைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பார்த்துத்தான் வாங்கினாளாம். என்னைவிட விவரமானவள். அக்காவின் புடவைக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது: இரண்டாக மடித்து, ஓரம் அடித்து, மெத்தையின் மேல் இறுக்கமாக விரித்திருக்கிறார்கள். நான்காம் நாள் வந்த படத்தில் வெள்ளைக் கட்டிலுக்குள் அரக்குச் சிவப்பு பளீரென்று தெரிந்தது. கட்டில் அவர்கள் படுக்கையறைக்கு இடம் மாறியிருந்தது.

என் சீர்தான் பாக்கி. அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை செய்பவர்களைத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் நடைவண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். குழந்தை நிற்பதற்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன, அவசரமில்லை. அக்கா மகள் போனில் முதலில் கேட்டது நிறத்தைத்தான். சாம்பல் பச்சை கிடைக்காதம்மா, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பரவால்ல மாமா. ஹால்ல வெச்சுக்கறோம்" என்றாள்.